மட்டம் இறங்காத டேங்க்

என் வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் பிரேக்கு. ஆலைத் தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸை ஆயுள் முழுக்க ஓட்டியவர். பூனை குறுக்கே போனாலும் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். ஒரு விபத்து கிடையாது. அந்த மிதப்பு அவருக்கு உண்டு.

அந்த பஸ்களில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஒன்றுகூட வேலை செய்ததில்லை. முள்ளை நம்பாதே, இறங்கிக் கண்ணால் பார் என்பதுதான் அங்கே தொழில். வீட்டிலும் அதே கதைதான். அடுப்பை அணைத்துவிட்டேன் என்று நான் சொன்னாலும், எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் படுப்பார்.

ஓய்வு பெற்றதும் ஒரு பழைய கார் வாங்கினார். எங்கள் மகளைவிட வயதில் மூத்தது. என் சக்களத்தி என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பேன். போன வருடம் அதன் கூலன்ட் டேங்க் விரிசல் விட்டது. எஞ்சின் சூட்டில் ரேடியேட்டரிலிருந்து பொங்கி வரும் தண்ணீர் ஒதுங்கி நின்று, ஆறியதும் திரும்பிப் போவதற்கான, உள்ளிருப்பது வெளியே மங்கலாகத் தெரியும் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா அது. பசை போட்டார், உருக்கி ஒட்டினார், எதுவும் நிற்கவில்லை. புதிது கேட்டால் அப்படி ஒரு கார் இருந்ததையே யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. இவர் தலையைக் கண்டாலே உதிரிபாகக் கடைக்காரர்கள் கல்லாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டார்கள்.

இதற்கிடையே மகள் நிறைமாதமாக எங்களோடு இருந்தாள். மருமகன் கப்பலில். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டதும் ஆபரேஷனுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், தாமதித்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். ஆம்புலன்ஸும் அங்கிருந்துதான் வர வேண்டும். அது வந்து திரும்புவதற்குள் நாமே போய்விடலாம் என்று இவர் கணக்குப் போட்டார்.

கடைசியில் பழைய இரும்புக் கடையில், நசுங்கிக் கிடந்த அதே மாதிரிக் காரிலிருந்து ஒரு டேங்க்கைக் கழற்றி வந்தார். பல காலம் துருத்தண்ணீர் நின்று, நிறை அளவைக் காட்டும் மேல்கோடு வரை உள்ளே பழுப்பேறியிருந்தது. சோப்புப் போட்டும் போகவில்லை. அதை மாட்டிக் கோடுவரை தண்ணீர் ஊற்றினார். தினமும் காலையில் பானெட்டைத் தூக்கி வெளியிலிருந்தே பார்ப்பார். கோடுவரை பழுப்பு. ஒரு சொட்டு இறங்கவில்லை என்று முகமெல்லாம் பல்லாகத் திரும்புவார்.

“பழைய டேங்க்ல வண்டி ஓடினா தண்ணி ஏறும், ஆறினா இறங்கும். இது ஏன் அசையவே மாட்டேங்குது?” என்று கேட்டேன்.

“நல்ல பொருள்னா அப்படித்தான். உனக்கு எதுலயும் சந்தேகம்.”

மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள் என்று சண்டையே போட்டேன். கண்ணுக்குத் தெரிவதற்கு விரல் எதற்கு என்று சிரித்தார்.

ஒரு மதியம் வலி கண்டது. மகளைப் பின்சீட்டில் என் மடியில் சாய்த்துக்கொண்டு கிளம்பினோம். ஏற்றத்தின் பாதியில் முள் சிவப்புக்குப் போனது. நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“டேங்க் நிறைய இருக்கு. முள்ளுதான் கெட்டுப்போச்சு.”

வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரத்தில் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. சாவியை எத்தனை திருகியும் எஞ்சின் அசையவில்லை.

ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்தேன். மலை மடிப்பில் சிக்னல் இல்லை. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை. விட்டு விட்டு வந்த வலி இப்போது விடாமல் வந்தது. மகளைச் சாய்த்துப் படுக்கவைத்துவிட்டு இறங்கி, பானெட்டைத் தூக்கிக்கொண்டிருந்தவரிடம் ஓடினேன்.

அவர் டேங்க்கின் மூடியைத் திறந்து விரலை உள்ளே விட்டார். எடுத்தபோது விரல் காய்ந்திருந்தது. டப்பாவைப் பிடுங்கித் திருப்பினார். அடியில் மயிரிழை விரிசல். எப்போதோ ஒழுகித் தீர்ந்திருக்கிறது. இத்தனை நாளும் அவர் பார்த்தது வெறும் கறை.

“தண்ணி இருக்காப்பா? போயிடலாமா?” என்று உள்ளேயிருந்து மகள் கேட்டாள்.

“இருக்கும்மா, நிறைய இருக்கு,” என்றார், தூக்கிய பானெட்டுக்குப் பின்னால் நின்றபடி.

நான் ஓடி வந்து அவள் தலையை மடியில் எடுத்துக்கொண்டேன். அவள் என் கையை இறுகப் பிடித்தாள்.

“அம்மா, குரலைக் கேளு, அப்பா அழறாரு,” என்றாள்.