மாமா வாங்கிய பழைய லேப்டாப்

“வணக்கம். உங்கள் லேப்டாப் இன்னும் விற்காமல் இருக்கிறதா? நேரில் பார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. எந்த ஊர், எந்தத் தெரு என்று எழுதினால் வருகிறேன்.” இணையத்தில் பழைய சாமான் விற்கிறவர்களுக்கு என் தாய்மாமா அனுப்பிய செய்தி இது. பதினான்கு பேருக்கு ஓர் எழுத்துகூட மாறாமல் இதையே அனுப்பினார். அனுப்புமுன் பிழை பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பியது இன்னும் என் கைபேசியில் இருக்கிறது.

ஆம்பூரில் ஒரு தோல் ஆலையில் மாமா முப்பது வருடத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்தார். தோலைப் பதனிடும், ஆள் உயரத்தைவிடப் பெரிய மர டிரம்கள் பகலெல்லாம் உருளும் இடத்தில்தான் அவருக்கு வேலை. ஓடுகிற எந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நிற்பார். பிறகு, “பேரிங் போவுது, ஒரு வாரம் தாங்கும்” என்பார். அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய காதைத் தின்றுவிட்டது. ஓய்வு பெறும்போது அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்றுதான் எங்கள் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு மந்தம் என்று அத்தைக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. யார் என்ன சொன்னாலும் அத்தை அதையே அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி ஒருமுறை சொல்வாள். வயதான தம்பதிகளின் பழக்கம் என்று நாங்கள் சிரிப்போம். அத்தை இறந்த பிறகு அவருக்குத் திருப்பிச் சொல்ல ஆள் இல்லை. காது நரம்பே செத்துவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். இலவச மருத்துவ முகாமில் கொடுத்த காது மிஷின் விசில் அடித்துக்கொண்டே இருந்ததால் அதைப் பெட்டியோடு மூடி வைத்துவிட்டார். இதையெல்லாம் அவர் அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

அவர் சமாளித்த விதம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. யார் எதிரில் வந்தாலும் அவர்தான் முதலில் பேசுவார். பதில் இன்னதுதான் வரும் என்று தெரிந்த கேள்விகளை மட்டும் கேட்பார். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொள்வார். ஆனால் தொலைபேசியில் உதடு ஏது? அவருடைய ஒரே மகள் குவைத்தில் நர்ஸ். கணவனும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் கூப்பிடுவாள். “சாப்ட்டியாம்மா? அவரு நல்லா இருக்காரா? ரொம்ப சந்தோஷம். உடம்ப பாத்துக்கோ, வச்சிட்றேன்.” இந்த வரிசை மாறவே மாறாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள். ஐந்தாம் மாதத்தில் குழந்தை கலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். “ரொம்ப சந்தோஷம். உடம்ப பாத்துக்கோ” என்று சொல்லி மாமா வைத்துவிட்டார். மறுநாள் என்னைக் கூப்பிட்டாள். நான் பேச ஆரம்பிக்கும் முன்பே, “அக்கா, அப்பா சந்தோஷம்னு சொல்றாருக்கா” என்றாள். பிறகு நடந்ததையெல்லாம் அழுதுகொண்டே சொன்னாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஞாயிற்றுக்கிழமை அழைப்புகள் வரவில்லை.

அந்த வாரம் சர்ச் முடிந்து நேராக மாமா வீட்டுக்குப் போனேன். “வா வா, சாப்ட்டியா? ஃபேக்டரில வேல ஜாஸ்தியா?” என்று அவரே ஆரம்பித்தார். நான் பதில் சொல்லாமல் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். ‘போன வாரம் அவள் சொன்னது உங்களுக்குக் கேட்டதா?’ மாமா படித்தார். தாளை நான்காக மடித்தார். “கேக்கலம்மா” என்றார். பிறகு, “இன்னா சொன்னா?” என்றார்.  இன்னொரு தாளில் எழுதினேன். அதைப் படித்து, முதல் தாளோடு சேர்த்து மடித்தார். “நான் இன்னா சொன்னேன்?” என்றார். அதையும் எழுதினேன். அதை எழுதியிருக்க வேண்டாம் என்று அன்றும் எனக்குத் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை.

அன்றே மகளுக்கு, காதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், மன்னிப்புக் கேட்டு நீளமாக ஒரு செய்தி எழுதினார். “பரவால்லப்பா” என்று ஒரு சொல்தான் பதிலாக வந்தது. அதை என்னிடம் காட்டி, “எழுதுனா சுருக்கமா முடிச்சிட்றா. பேசுனாத்தான் மனசுல இருக்கறது வரும். அவ பேசணும், எனக்கு அது தெரியணும். அதுக்கு ஏதாவது வழி இருந்தா சொல்லு” என்றார்.

ஒரு வழி எனக்குத் தெரிந்திருந்தது. நான் ஷூ ஃபேக்டரியில் பணியாளர் பிரிவில் வேலை செய்கிறேன். தமிழ் அறிவிப்புகளை நான் விரலால் தட்டுவதில்லை. கணினி முன்னால் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். மகளின் குரலைக் கைபேசியில் சத்தமாக வைத்து லேப்டாப் பக்கத்தில் பிடித்தால், அவள் பேசப் பேச அது திரையில் எழுத்தாக வரும். மாமா கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளவும் முடியும். செய்து காட்டியதும் மாமா எழுந்து நின்றுவிட்டார். என் அலுவலக லேப்டாப்பை ஞாயிறுதோறும் கொண்டுவருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். புதிதாக வாங்கித் தருகிறேன் என்றேன், அதற்கும் தலையாட்டவில்லை. “புதுசு இன்னாத்துக்கு? பழசுன்னா தொறந்து பாக்கலாம். நானே பாத்துக்குவேன்” என்றார்.

அப்படித்தான் அந்தப் பதினான்கு செய்திகள் போயின. அந்த இரண்டு வாரங்களில் மாமாவை நான் வேறு ஆளாகப் பார்த்தேன். முன்பின் தெரியாதவர்களிடம் அவர் கேள்வி கேட்டார், மறுத்தார், கிண்டல் செய்தார். எல்லாமே எழுத்தில் நடந்ததால், எதிரில் இருப்பவருக்கு அவர் காது கேளாதவர் என்பதே தெரியாது. ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவன், முன்பணம் அனுப்பினால் கூரியரில் போடுகிறேன் என்றான். ‘ஐயா, எல்லையைக் காக்கும் உங்களை வணங்குகிறேன். விடுமுறையில் வரும்போது சொல்லுங்கள், ஸ்டேஷனுக்கே வருகிறேன்’ என்று மாமா பதில் எழுதினார். அதோடு அந்த வீரன் காணாமல் போனான்.

வாலாஜாபேட்டையில் ஒருவரின் வீட்டுக்கு நேரில் போனோம். படத்தில் பளபளவென்று இருந்த லேப்டாப்பின் கீல் உடைந்து ஒட்டப்பட்டிருந்தது. மாமா அதை மூக்கருகே கொண்டுபோய்ப் பசையை முகர்ந்து பார்த்தார். “இது ஷூ கம்பெனி சொல்யூஷன் ஆச்சே. வீட்ல யாரு ஆம்பூர்ல வேல செய்றாங்க?” என்றார். விற்கிறவர் வெட்கத்தோடு, “மச்சான் சார்” என்றார். “நல்லாத்தான் ஒட்டியிருக்காரு, செருப்புன்னா வாங்கியிருப்பேன்” என்று சொல்லி மாமா திருப்பிக் கொடுத்தார். அந்த வீட்டுக்காரர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தோம்.

அடுத்த சனிக்கிழமை ரயிலில் அரக்கோணம் போனோம். ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு பெண். அந்த லேப்டாப்பை வைத்துத்தான் படித்துத் தேர்வெழுதி வேலைக்குப் போனதாகச் சொன்னாள். பதினைந்து அங்குலத் திரை. மூடியில் ஒரு கீறல், விசைப்பலகையில் ‘A’ எழுத்து தேய்ந்திருந்தது. அவள் அதைப் போட்டுக் காட்டினாள். மாமா திரையைப் பார்க்கவில்லை. பலகையின் இடதுபக்கம் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். ஆலையில் அவர் அப்படி நின்றதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேனே தவிர, அதை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

“உள்ள இருக்கற ஃபேன் பேரிங் தேஞ்சிருக்கும்மா” என்றார்.

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. “ஆமா சார். சூடானா கொஞ்சம் கத்தும். விளம்பரத்துல அத எழுதல, தப்புதான். சத்தம் பேஜாரா இருக்கும் சார், யோசிச்சி வாங்குங்க.”

மாமா அவள் உதட்டையே கவனித்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். “எனக்கு காது சுத்தமா கேக்காதும்மா. அது கத்துனா கத்தட்டும், எனக்கு இன்னா?”

வெளியாள் ஒருவரிடம் அவர் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தை இறந்ததிலிருந்து மூன்று வருடம் எங்களிடம் மறைத்ததை அரக்கோணத்தில் பெயர் தெரியாத ஒரு பெண்ணிடம் சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ரயிலில் திரும்பும்போது வழி முழுதும் லேப்டாப் பையை மடியிலேயே வைத்திருந்தார். “நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்” என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி, தூசி தட்டி, தையல் மிஷின் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டுத் திரும்ப மூடினார். மறுநாள் மாலை நான்தான் மாமா மகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. “சும்மா சொல்லாதீங்கக்கா. இத்தினி நாளா என்கூட பேசிக்கினுதான இருக்காரு” என்றாள். கைபேசியை லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். “சாப்ட்டியாப்பா?” என்று கேட்டாள். ‘ஷாப்பிங் ஆப்பா’ என்று திரை எழுதியது. மாமா அதைச் சத்தமாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நாங்கள் பேசுகிற பேச்சு அதற்கு வசப்படவில்லை. எழுத்துத் தமிழில் பேசச் சொன்னதும் அவள் நிறுத்தி நிதானமாக, “அப்பா, நான் பேசுவது உங்களுக்குத் தெரிகிறதா?” என்றாள். ஒரு பிழையும் இல்லாமல் வந்தது. “இன்னாம்மா, பைபிள் வாசிக்கற மாதிரி பேசற” என்றார் மாமா. அந்தப் பக்கம் அவள் சிரித்தது எனக்கு மட்டும் கேட்டது.

பிறகு மாமா சொன்னார். “அன்னிக்கி நீ சொன்னது எனக்கு கேக்கலம்மா. ஒண்ணுமே கேக்கல. ரொம்ப நாளா எதுவும் கேக்கல. உங்கம்மா போனதுலருந்து நான் சும்மா சொல்லிக்கினு இருந்தேன்.”

திரையில் அதற்குப் பதில் எதுவும் வரவில்லை. கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “கட் ஆயிடுச்சா?” என்று என்னைக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். என் முகத்தைப் பார்த்தே அவள் அழுவதைப் புரிந்துகொண்டார். அழுகை எழுத்தில் வராது. திரையில் இருந்த வெற்றிடத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். பிறகு ஒரு வரி வந்தது. ‘அப்பா, பெண் குழந்தை என்று சொன்னார்கள்.’ மாமா அதை வாய்விட்டுப் படித்தார். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் அதன் பிறகு சொன்னார்.

நான்கு வருடம் ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே நடந்தன. நடுவில் அவள் இரண்டு முறை ஊருக்கு வந்தாள். எதிரில் உட்கார்ந்து, அம்மாவைப் போல முகத்துக்கு நேராகப் பேசினாள். போன வருடம் மாமா இறந்தார். அடக்கம் முடிந்த மறுநாள் அவளும் நானும் அந்த லேப்டாப்பைத் திறந்தோம். அவள் பேசியதையெல்லாம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் தேதி போட்டு அவர் சேமித்து வைத்திருந்தார். தான் பேசும்போது தன் குரல் கலக்கக் கூடாது என்று லேப்டாப் மைக்கை அணைத்துவிடுவார். அதனால் அதில் அவள் பேச்சு மட்டும்தான் இருந்தது. அவர் பேசிய இடமெல்லாம் காலியாக இருந்தது.

அவள் தன் வரியைப் படித்தாள். ‘அப்பா, இன்றைக்கு நான் மீன் குழம்பு வைத்தேன்.’ அடுத்த வரிக்குப் போகவில்லை. மாமா இழுத்துப் பேசுகிற மாதிரியே, “இன்னா மீனும்மா?” என்றாள். பிறகு அடுத்த வரியைப் படித்தாள். அது, ‘வஞ்சிரம் அப்பா’ என்று இருந்தது.