வெர்னா முன்னால் நடக்க வேண்டிய வருடம்

ஆகஸ்ட் பிறந்தால் வெர்னா காங்கஸின் சமையலறையில் உலர்த்தும் பெட்டி ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும். கொத்துக்கறியை வதக்கி, வெந்நீரில் அலசிக் கொழுப்பைப் போக்கி, தட்டில் பரப்பி உள்ளே வைத்தால் எட்டு மணி நேரத்தில் சரளைக்கல் மாதிரி வந்து நிற்கும். அடுத்து பட்டாணி, கேரட், வேகவைத்த காட்டரிசி. டின்னும் கண்ணாடி பாட்டிலும் அவளும் கணவன் எல்டனும் செப்டம்பர்தோறும் நடக்கப் போகிற காட்டுக்குள் கூடாது. எல்லாம் பையில்தான் போகவேண்டும். ஒவ்வொரு பையின் மேலும் அவள் குண்டு குண்டாக எழுதுவாள்: வியாழன் இரவு, வெள்ளி காலை, வெள்ளி மதியம். பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் இருபத்து நான்கு வருடம் முந்நூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப்போட்ட கை அது. இரண்டு பேருக்கு ஐந்து நாள் சாப்பாடு அவளுக்கு ஒரு வேலையே இல்லை.

சாப்பாடு அவள் பாகம், வழி எல்டன் பாகம். கல்யாணமான இரண்டாம் வருடம் பிரித்துக்கொண்டது. இருபத்தொன்பது செப்டம்பர்களாக மாறவில்லை. ஊருக்கு வடக்கே கனடா எல்லை வரைக்கும் தரையைவிடத் தண்ணீர்தான் அதிகம். மற்றவர்கள் படகைத் தூக்கிக்கொண்டு போனார்கள், இவர்கள் நடந்தார்கள். பதினொரு ஏரிகளைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேரும் முப்பத்தெட்டு மைல் வளையம். நான்கு இரவு கூடாரத்தில். எல்டன் வரைபடத்தோடு முன்னால் போவான். வெர்னா பின்னால் முணுமுணுத்துக்கொண்டே வருவாள். கொசுவைத் திட்டுவாள், சேற்றைத் திட்டுவாள், அவன் நீளக் காலைத் திட்டுவாள். அவன் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த முணுமுணுப்பு கேட்டால் போதும், அவள் வருகிறாள் என்று அர்த்தம்.

அனுமதிச் சீட்டு ஜனவரியிலேயே பதிவாகிவிடும். அதில் குழுத் தலைவர் என்று ஒரு பெயர் வேண்டும்: எல்டன் காங்கஸ். அவர் வர முடியாவிட்டால் மாற்றுத் தலைவர் என்று கீழே இன்னொரு பெயர்: வெர்னா காங்கஸ். அந்த இரண்டாவது பெயருக்கு இதுவரை வேலை வந்ததில்லை.

இந்த வருடம் ஏப்ரலில் டுலூத் நகரத்து டாக்டர், மறதியைச் சோதிக்க எல்டனை ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். சுரங்கத்தில் முப்பத்தொரு வருடம் ஷிப்ட் தவறாமல் போய்வந்த மனிதன், பன்னிரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் அடைத்து வைத்தான். திரும்பி வரும்போது வண்டியில் ஒன்றுதான் சொன்னான். "செப்டம்பர் முடியட்டும். அப்புறம் யார்கிட்ட வேணா சொல்லிக்கோ. அதுவரைக்கும் வாயத் திறக்காத."

வெர்னா திறக்கவில்லை. ஆனால் கவனித்தாள். டீயில் இரண்டு தடவை சர்க்கரை, எரியும் அடுப்பு, ஆணியில் இல்லாத சாவி. அதெல்லாம் வீட்டுக்குள். வீட்டுக்குள் தடுக்கி விழுந்தால் எழுப்ப ஆள் இருக்கிறது.

ஆகஸ்ட் கடைசி வாரம் எல்டன் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தான். அவர்களிடம் இரண்டு உண்டு. அவன் எடுத்தது மடிப்பெல்லாம் கிழிந்து டேப் ஒட்டிய பழையதை. எப்போதும்போல முகாம்களுக்குப் பென்சிலால் வட்டம் போட்டான். எப்போதும்போல ஒரு தாளில் நாள் வாரியாக வழியை எழுதிக் குளிர்பெட்டி மேல் காந்தத்தால் ஒட்டினான். அது அவன் தங்கை டோரீனுக்கான தாள். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் இவர்கள் வந்து கூப்பிடாவிட்டால், அவள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஷெரீஃப் ஆபீசுக்குப் போகவேண்டும். தேடுபவர்களுக்கு அதுதான் துப்பு.

பால் எடுக்கப் போன வெர்னா அப்படியே நின்றுவிட்டாள். மூன்றாம் நாள்: இங்ரிட் ஏரி, கிழக்குக் கரை வழியாக.

கிழக்குக் கரையில் வழி இல்லை. பதினொரு வருடத்துக்கு முன் பிடித்த காட்டுத்தீயில் அது போய்விட்டது. கரிந்த மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கும். அந்த முதல் வருடம் இவர்களே அதற்குள் நுழைந்து, இரண்டு மணி நேரத்தில் கால் மைல் போக முடியாமல் திரும்பினார்கள். அவள் முழங்கால் கிழிந்தது, அவன் தன் சட்டையால் கட்டுப்போட்டான். அன்றிலிருந்து மேற்குக் கரைதான். அந்தப் பதினொரு வருடத்தையும் இப்போது யாரோ துடைத்து எடுத்தமாதிரி இருந்தது.

சொல்லியிருக்கலாம். சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. அவன் பின்கட்டில் பூட்ஸுக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்தபோது தாளை எடுத்து, மூன்றாம் நாளை அழித்துவிட்டு, மேற்குக் கரை என்று தன் கையால் எழுதி ஒட்டினாள். திருடியவள் மாதிரி பின்கட்டை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை டோரீன் காபிக்கு வந்தாள். தபால் வண்டி ஓட்டுகிறவள். ஊரில் யார் வீட்டுக்கு என்ன வருகிறது என்று தெரியும், அதை மனசுக்குள் வைத்துக்கொள்ளத்தான் தெரியாது. ஏலக்காய் ரொட்டியைக் கடித்துக்கொண்டே குளிர்பெட்டி முன்னால் போய் நின்றாள்.

"முப்பது வருஷமா இந்தத் தாளப் பாக்கறேன், எல்டன். கோழி கிளறின மாதிரி இருக்கும். இதுல மூணாம் நாள் மட்டும் பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பட்டியல் மாதிரி இருக்கே? வெர்னா, அன்னிக்கு மக்ரோனியா?"

எல்டன் எழுந்து வந்து பார்த்தான். "மேற்குக் கரையா? கிழக்கால நல்ல பாதை இருக்கறப்ப எவன் மேற்கால சுத்திக்கிட்டுப் போவான்?"

டோரீன் சிரித்தாள். "கிழக்கால கரிக்கட்டைதான் இருக்கு. தீ புடிச்சுப் பதினோரு வருஷம் ஆச்சு, கிழவா! நீயே வந்து எங்ககிட்ட..." பாதியில் வெர்னாவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

எல்டன் தாளைப் பார்த்தபடியே கேட்டான். "எனக்குப் பின்னால வந்து அழிச்சியா?"

"ஆமா."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல, எல்டன்."

அவன் கதவைச் சாத்தவில்லை, சத்தம் போடவில்லை. விறகுக் கொட்டகைக்குப் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் கோடாலிச் சத்தம் கேட்டது. கடிகாரம் வரைந்ததிலிருந்து எல்லாவற்றையும் வெர்னா சொல்லி முடிப்பதற்குள் டோரீனின் காபி ஆறிப்போனது.

"இந்த வருஷம் போகவேணாம். முடிஞ்சது விஷயம்," என்றாள் டோரீன்.

"நான் போகலன்னா அவன் தனியாப் போவான். வண்டிச் சாவிய எத்தன நாளைக்கு மாவு டப்பாவுல ஒளிச்சு வைக்கறது?"

"சரி, உனக்காவது வழி தெரியுமா?"

இருபத்தொன்பது வருடமாக வெர்னா பார்த்ததெல்லாம் எல்டனின் முதுகுப்பை. அதில் எந்தத் தையல் எப்போது விட்டது, எந்த ஒட்டு எந்த வருடம் போட்டது என்று கேட்டால் சொல்வாள். ஏரியின் எந்தப் பக்கம் பாதை பிரிகிறது என்று கேட்டால் தெரியாது. பிரிகிற இடத்தில் அந்தப் பை திரும்பும், அவளும் திரும்புவாள்.

அடுத்த ஒன்பது நாள் அவள் புது வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேடுபள்ளம் காட்டும் கோடுகளை விரலால் தடவி, ஒவ்வொரு திருப்பத்தையும் எழுதிவைத்தாள். வளையத்தை மனப்பாடம் செய்துவிட முடியும் என்று எட்டாம் நாள் தோன்றியது. ஒன்பதாம் நாள் வேறொன்று தோன்றியது. மூன்றாம் நாள் இங்ரிட் ஏரியருகே அவளுக்குக் கால் பிசகினால்? இரண்டு பக்கமும் பத்தொன்பது மைல். உதவிக்கு யாரை அனுப்புவது? அதற்குமேல் விரல் நகரவில்லை.

எல்டன் அந்த ஒன்பது நாளும் தேவைக்கு மட்டும் பேசினான். குளிர்பெட்டித் தாளை அவனும் தொடவில்லை, அவளும் தொடவில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் காலை வனத்துறை அலுவலகத்துக்குச் சீட்டு வாங்கப் போனார்கள். கவுண்டரில் இருந்த பெண் பின்னலும் பழுப்புச் சட்டையுமாக, வழக்கமான விதிமுறைப் படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு வழக்கமான கேள்வி கேட்டாள். "பாத்திரம் கழுவின தண்ணிய ஏரியிலேருந்து எவ்வளவு தூரத்துல கொட்டணும்?"

"நூத்தம்பது அடி," என்றான் எல்டன், அவள் முடிப்பதற்குள்.

"சபாஷ். வருஷா வருஷம் நீங்கதான் முதல் மார்க். எப்பவும்போல வளையமா?"

எல்டன் வாயைத் திறந்தான். பேனா அவன் கையில் இருந்தது. அவன் வெர்னாவைப் பார்த்தான். அவள் இவ்வளவு வருடத்தில் அந்தப் பார்வையைப் பார்த்ததில்லை. பாதை பிரிகிற இடத்தில் தான் இப்படித்தான் நின்றிருப்போம் என்று அவளுக்குப் பட்டது.

"வளையம் இல்ல," என்றாள். "ரெண்டாவது ஏரி வரைக்கும் போய்ட்டு, போன வழியே திரும்பிடறோம். நாலு மைல். ரெண்டு ராத்திரி." அவன் விரல்களிலிருந்து பேனாவை எடுத்தாள். "தலைவர் நான்தான். ரெண்டாவது பேரு."

அந்தப் பெண் திரையில் தேடி, "இருக்கு, வெர்னா காங்கஸ்," என்றாள். வெர்னா கையெழுத்துப் போட்டு நிமிர்வதற்குள் எல்டன் வெளியே போயிருந்தான்.

வண்டியில் அவன் ஓட்டுநர் பக்கம் ஏறவில்லை. பக்கத்து இருக்கையில் பழைய வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெர்னா ஏறிச் சாவியைச் சொருகினாள். அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள்.

"பதினோரு வருஷமும் மேற்காலதான் போனோமா?"

"ஆமா."

"நான்தான் முன்னால போனேனா?"

"நீதான். வேற யாரு?"

அவன் வரைபடத்தில் கிழக்குக் கரையை விரலால் ஒருமுறை தடவினான். "சரி. நீ சொன்னா போயிருப்போம்." வரைபடத்தை மடித்து இருக்கைக்கு முன்னாலிருந்த பெட்டியில் வைத்து மூடினான். "ரெண்டு ஏரிக்கு அஞ்சு நாள் கறி எதுக்கு?"

"மிச்சத்த டோரீனுக்குக் குடுத்துடலாம்."

"அவ வாய்க்கு அந்தக் கல்லுதான் சரி." பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டே, "நீ முன்னால போனா ஆமை மாதிரிப் போவ."

"பின்னால நீ இருக்கியான்னு வேற பாத்துப் பாத்துப் போகணும்."

"திரும்பாத. வேர் தடுக்கி விழுவ. நான் முணுமுணுத்துக்கிட்டே வர்றேன், உனக்குக் கேக்கும்."

அவள் வண்டியை எடுத்தாள். அவன் அங்கேயே ஆரம்பித்துவிட்டான். கியர் மாற்றுவது சரியில்லை, வளைவில் இவ்வளவு மெதுவாகவா, முன்னால் போகிற லாரி என்ன மாமியார் வீட்டு வண்டியா, முந்தாமல் பின்னாலேயே போகிறாய். வெர்னா கேட்டுக்கொண்டே ஓட்டினாள். ஆற்றுப்பாலத்தருகே சத்தம் நின்றது. அவள் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தாள். எல்டன் அந்தப் பாலத்தை முதல்தடவை பார்க்கிறவன் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தான்.