பனைத்திடலின் சிவப்புப் புள்ளி

இது நடந்தது. நடந்தபோது அந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள். இருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஒருத்தி காரைக்காலில், ஒருவன் சென்னையில். இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டாயிற்று. சொன்னதில் ஒரு சொல்கூட முன்னே பின்னே இல்லை. அதனால் கற்பனை என்று எண்ணிக்கொண்டு இதைப் படிக்க வேண்டாம்.

காரைக்காலில் இருப்பவள் தெல்ஃபின். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. அப்பா ஆல்போன்ஸ் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் தியேரி பிரான்சிலேயே தங்கிவிட்டான். அவளுக்கும் அந்த நாட்டுக் குடியுரிமை உண்டு, ஆனால் போக மனமில்லை. கணினியில் வரைபடம் தயாரிக்கும் படிப்பைப் படித்துவிட்டு, ‘அரண்’ என்ற நிவாரண ஒருங்கிணைப்பு மையத்தில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

புயல், வெள்ளம் என்றால் பல அமைப்புகள் உதவ ஓடி வரும். ஒருவரிடம் படகு இருக்கும், ஒருவரிடம் சாப்பாடு இருக்கும், இன்னொருவரிடம் மருந்து இருக்கும். யார் எங்கே போகவேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் எல்லாரும் ஒரே தெருவில் போய் நிற்பார்கள். பக்கத்துத் தெரு மூழ்கிக்கொண்டிருக்கும். அதைச் சொல்வதுதான் தெல்ஃபினின் வேலை. தண்ணீரில் சிக்கியவர்கள் போன் செய்வார்கள். உடன் வேலை செய்யும் கலைவாணன் விவரம் கேட்டுப் பதிவு செய்வான். அவள் திரையில் உள்ள வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். படகு கிளம்பியதும் அதை மஞ்சளாக்குவாள். ஆட்கள் கரை சேர்ந்துவிட்டார்கள் என்று இரண்டு பேராவது உறுதி சொன்ன பிறகுதான் பச்சை. ஒருவர் சொன்னதை மட்டும் நம்பி அவள் பச்சை போட்டதே இல்லை.

மையத்தின் தலைவர் சோமசேகரன். ஐம்பது வயது தாண்டியவர். முந்தைய ஆண்டுப் புயலில் பொழுது சாய்வதற்குள் மொத்த வரைபடத்தையும் பச்சையாக்கிக் காட்டியவர் என்று ஊரெல்லாம் பெயர். அதற்குப் பாராட்டு விழாகூட நடந்தது.

நவம்பர் மாதம். புயல் கரையைக் கடந்துகொண்டிருந்தது. நெரவி சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மதியம்தான். ஆனால் வெளியே விளக்கு வைக்கும் நேரம் போல இருட்டிக் கிடந்தது. மின்சாரம் போய் வெகு நேரம் ஆகிவிட்டது. கீழே ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. செல்போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கடைசியில் மேசை மேல் இருந்த தொலைபேசியும் செத்தது. படகுகளோடு பேச வயர்லெஸ் மட்டும்தான் மிச்சம்.

அப்போது அந்தத் தொலைபேசி அடித்தது.

கலைவாணன் எடுத்தான். கேட்டான். பதிவு செய்தான். திரையில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது.

“பனைத்திடல்ல இருந்து ஒரு அம்மாங்க. அவங்களும் ரெண்டு புள்ளைங்களும்” என்றான்.

பனைத்திடல், நெரவியைத் தாண்டி வயல்களுக்கு நடுவே இருக்கும் மேட்டுநிலம். தெல்ஃபின் நெற்றியைச் சுருக்கினாள். போன வாரம்தான் புதிய செயற்கைக்கோள் படத்தை வைத்து ஒவ்வொரு ஊரிலும் கூரைகளை எண்ணியிருந்தாள். பனைத்திடலில் ஒரு கூரைகூட இல்லை.

“அங்க யாருமே குடியில்லையே. பேரு கேட்டீங்களா?”

“நீலாயதாட்சின்னாங்க...”

சொல்லிவிட்டு அவனே நிறுத்திக்கொண்டான். அவன் முகம் வெளுத்தது.

“என்ன?”

“நெரவிக் கடைத்தெருவுல கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பாத்திருக்கேன். ஒரு அம்மா, ரெண்டு புள்ளைங்க. போன வருசப் புயல்ல போனவங்க. அந்த அம்மா பேரும் இதுதாங்க.”

சோமசேகரன் எழுந்து வந்தார். திரையைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. தெல்ஃபினின் கையை விலக்கிவிட்டு மவுஸைப் பிடித்தார். புள்ளியைப் பச்சையாக்கினார்.

“எவனோ விளையாடுறான்மா. உண்மையான போன் கால்களப் பாரு.”

விவரத்தை அவர் திறந்தே பார்க்கவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

அவர் நாற்காலிக்குத் திரும்புவதற்குள் புள்ளி மீண்டும் சிவந்தது. ஆனால் இப்போது அது பனைத்திடலில் இல்லை. நெரவிக்குள் வந்திருந்தது.

அவர் ஓடி வந்து பச்சையாக்கினார். சிவந்தது. நெரவிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, அரசலாற்றுப் பாலத்துக்கு அருகே.

மறுபடி பச்சை. மறுபடி சிவப்பு. பாலத்துக்கு இந்தப் பக்கம்.

தொலைபேசி அடித்தது. இந்தமுறை தெல்ஃபின் எடுத்தாள். எதிர்முனையில் தண்ணீரின் சத்தம். களுக்... களுக்... என்று, குடம் நிறைவது போல.

“அம்மா, எங்க இருக்கீங்க?”

“கூரை மேலங்க.”

“தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?”

“கூரைக்கு மேலங்க.”

குரல் அமைதியாகவே இருந்தது. அவசரமே இல்லை.

“சார் படகு அனுப்புறேன்னாரு. இன்னும் வரல. சாருகிட்ட சொல்லு தங்கச்சி.”

இணைப்பு அறுந்தது. தெல்ஃபின் திரும்பி சோமசேகரனைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், போன வருசம் என்ன நடந்துச்சு?”

கலைவாணன்தான் தணிந்த குரலில் சொன்னான். “படகுல போன பசங்க சொல்லிக் கேட்டிருக்கேங்க. பனைத்திடலுக்குப் பாதி தூரம் போயிட்டாங்களாம். மேப்புல பச்சையாயிட்டு, திரும்பிடுங்கன்னு இங்கேருந்து உத்தரவு போச்சாம்.”

“வாய மூடுடா” என்று கத்தினார் சோமசேகரன். பிறகு குரல் உடைந்தது. “அன்னிக்குப் பெரிய ஆளுங்க பாக்க வர்றாங்க. ஊரே காத்திருக்கு. எல்லாம் முடிஞ்சிட்டு, அது ஒண்ணுதான் பாக்கி. மேட்டு நிலம்தானே, தண்ணி ஏறாதுன்னு நெனச்சேன்...”

மூன்று உயிர். அழகாகத் தெரியவேண்டிய ஒரு படத்துக்காக. தெல்ஃபினுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. திரையின் பக்கம் திரும்பினாள்.

திரை முழுக்கப் பச்சை.

எல்லாப் புள்ளிகளும். படகே போகாத இடங்கள்கூட. குரும்பகரத்தில் ஒரு மொட்டைமாடியில் பதினோரு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். தண்ணீர் மாடிப்படியில் பாதிக்கு மேல் ஏறிவிட்டிருந்தது. அந்தப் புள்ளியும் பச்சை. கணினியை அணைத்துப் போட்டாள். பச்சை. அந்தந்த இடத்தின் விவரங்களைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. பேர் இல்லை, ஊர் இல்லை, அடையாளம் இல்லை.

வயர்லெஸ் கரகரத்தது.

“மேடம், குரும்பகரம் படகு. திரும்பிக்கிட்டு இருக்கோம்.”

“ஏன் திரும்புறீங்க? அங்க ஆளு இருக்காங்க!”

“நீங்கதானே மேடம் சொன்னீங்க? எல்லாம் முடிஞ்சிட்டு, திரும்பிடுங்கன்னு.”

“நான் சொல்லலை!”

“ஒரு அம்மா குரல்ல வந்துச்சே...”

அடுத்த படகும் அதையே சொன்னது. அதற்கடுத்ததும். எல்லாப் படகுகளும் திரும்பிக்கொண்டிருந்தன. போகச் சொல்லலாம் என்றால், எந்தத் தெரு, எந்த வீடு என்று சொல்ல அவளிடம் எதுவுமே இல்லை. குரும்பகரம் படகையாவது திருப்பலாம் என்று மறுபடி கூப்பிட்டாள்; கரகரப்பு மட்டுமே வந்தது.

பிறகு வயர்லெஸே பேசியது. யாரும் பொத்தானை அழுத்தவில்லை.

“எல்லாம் முடிஞ்சிட்டு... திரும்பிடுங்க...”

சோமசேகரன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். அவை அவர் அன்று சொன்ன வார்த்தைகள்.

தொலைபேசி அடித்தது. தெல்ஃபின் எடுத்தாள்.

“என்ன வேணும் உங்களுக்கு?”

“சாரு வரணும்.”

“மத்தவங்க என்ன பண்ணுனாங்க? அந்த மாடியில கொழந்தைங்க இருக்காங்கம்மா!”

“எனக்கும் இருந்துச்சுங்க. ரெண்டு.”

களுக்... களுக்...

“அவர அனுப்பு தங்கச்சி. எல்லாத்தையும் திருப்பித் தர்றேன்.”

தெல்ஃபின் ரிசீவரை வைத்தாள்.

திரையில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. அது இப்போது நெரவி சாலையில், ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் இருந்தது.

இந்த மண்டபம்.

கீழே ஜெனரேட்டர் நின்றது. அறை இருண்டது. திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. எப்படி எரிந்தது என்று அவளால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

மாடிப்படியில் சத்தம்.

சளப்...

சளப்...

ஈரக் கால்கள். ஒரு பெரிய ஆள். கூடவே சின்னக் கால்கள்.

கதவுக்கு வெளியே வந்து நின்றன.

யாரும் தட்டவில்லை.

கலைவாணன் மேசைக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

“சார்” என்றாள் தெல்ஃபின். “பதினோரு பேரு.”

“நான் போகமாட்டேன்... கதவத் தொறக்காதம்மா...”

“போங்க சார்.”

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

யாரும் இல்லை. படி முழுக்க ஈரம். சேற்றுத் தண்ணீர் வாடை.

சோமசேகரன் திறந்த கதவையே பார்த்தார். எதையோ கேட்பது போலத் தலையைச் சாய்த்தார். பிறகு முகத்தில் இருந்த பயம் போய்விட்டது. எதுவுமே இல்லாமல் போய்விட்டது. மெல்ல நடந்து, அவளைத் தாண்டி, படியிறங்கினார்.

கீழே முருகானந்தம் டிராக்டரோடு நின்றிருந்தான். நெரவி முகாமுக்குச் சாப்பாட்டுப் பொட்டலங்கள் கொண்டுபோகும் வண்டி. சோமசேகரன் அதில் ஏறினார். வண்டி நகர்ந்தது.

அந்தக் கணம் திரை உயிர் பெற்றது. சிவப்புப் புள்ளிகள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில். விவரங்களும் உள்ளே இருந்தன. தெல்ஃபின் வயர்லெஸைப் பிடுங்கி, தொண்டை கட்டும்வரை ஊர் பேரும் தெருப் பேருமாகக் கத்தினாள். படகுகள் மறுபடி திரும்பின. குரும்பகரத்துப் பதினோரு பேரும் தண்ணீர் மாடியைத் தொடுவதற்குள் படகேறிவிட்டார்கள்.

வாசலில் இருந்த அந்தப் புள்ளி மட்டும் மஞ்சளாகியிருந்தது. அது பாலத்தைத் தாண்டி, நெரவியைத் தாண்டி, மெல்லத் தெற்கே போய்க்கொண்டிருந்தது. பனைத்திடலில் போய் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது.

பச்சையானது.

தெல்ஃபினும் தொடவில்லை. கலைவாணனும் தொடவில்லை.

மறுநாள் காலை முருகானந்தம் தனியாக வந்தான். காய்ச்சலில் அவன் உடம்பு தூக்கிப் போட்டது.

“பாலம் தாண்டுனதும் வண்டிய நிறுத்தச் சொன்னாருங்க. பின்னாடி டிரெய்லர்ல போயி உக்காந்தாரு. ஓரமா ஒதுங்கி, மூணு பேருக்கு இடம் விட்டு. பனைத்திடல் திருப்பத்துல எறங்கி வயல்ல நடந்தாரு. முட்டிக்கால் தண்ணிதாங்க. ரெண்டு கையையும் கீழ எறக்கி... சின்னப் புள்ளைங்களப் புடிச்சு அழைச்சிட்டுப் போற மாதிரி. நான் கத்துனேன். திரும்பியே பாக்கல. ஒரு மின்னல் வெட்டுச்சு. அப்புறம் ஆளு இல்ல.”

தண்ணீர் வடிந்த பிறகு உடல் கிடைத்தது. பனைத்திடலில் இடிந்துபோன ஒரு வீட்டின் தரையில், சுவரோடு முதுகைச் சாய்த்து உட்கார்ந்த நிலையில் இருந்தது. இந்த முறை மேட்டில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறவில்லை. ஆனாலும் மூழ்கி இறந்தார் என்றுதான் மருத்துவர்கள் எழுதினார்கள். கால் தவறி விழுந்திருப்பார் என்று முடித்துவிட்டார்கள்.

தெல்ஃபின் அழவில்லை. மாதா கோயிலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாயா என்று அப்பா கேட்டபோது, “எதுக்கு?” என்றாள். இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் அந்தக் கதவைத் திறப்பேன் என்றுதான் சொல்கிறாள்.

அடுத்த மாதம் அவள் நெரவிக்குப் போனாள். நீலாயதாட்சியின் தங்கை அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். யாரிடம் சொல்லாவிட்டாலும் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பின்கட்டில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னாள். சோமசேகரன் பெயர் வந்தபோது தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சொல்லி முடித்ததும் தங்கை கேட்டாள். “போன்ல பேசுனது அக்காதான்னு சொல்றீங்களா?”

“ஆமாங்க. நானே ரெண்டு தடவ பேசுனேன். பேர கலைவாணன்கிட்ட அவங்களே சொன்னாங்க.”

“எப்படி இருந்துச்சு அந்தக் குரலு?”

“மெதுவா... லேசா கம்மிப்போய்... ஏங்க?”

தங்கையின் கண்கள் நிறைந்தன.

“அக்காவுக்குப் பொறவியிலேயே பேச்சு வராதுங்க. எங்கிட்ட வீடியோ கால்ல வந்து கையாலதான் பேசும். போன வருசம் அது கைகாட்டுனதப் பாத்து உங்க ஆபீசுக்கு போன் பண்ணுனதும் நான்தான். அது குரலு எப்படியிருக்கும்னு எங்க வீட்டுல யாருக்குமே தெரியாது.”