பல் வைத்த பூசணி

பியற்றிஸுக்கு வாயை மூடிக்கொண்டு பின்னத் தெரியாது. குரோஷே ஊசியைக் கையில் எடுத்தால் உதடு தானாக அசையத் தொடங்கிவிடும். இதற்கு முழுப் பொறுப்பு, இளவாலையில் அவளுக்குப் பின்னல் பழக்கிய கன்னியாஸ்திரி. வகுப்பில் பெட்டைகள் ஊசியை ஆட்டியதைவிட நாக்கை ஆட்டியதுதான் அதிகம். சிஸ்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தார். வரிசை போகும்போது அருள்நிறை மந்திரத்தின் முதல் பாதி, திரும்பி வரும்போது மறுபாதி. பத்துத் தரம் போய் வந்தால் ஒரு பரலோக மந்திரம். பத்துக்கொரு தேவரகசியமாக, அப்படி ஐந்து பத்து முடிந்தால் ஒரு முழுச் செபமாலை, கூடவே மேசை விரிப்பில் ஒரு துண்டு. ஊர்வம்பு நுழைய இடமே கிடையாது. சிஸ்டர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். பழக்கம் பியற்றிஸோடு விமானம் ஏறி லண்டனுக்கு வந்துவிட்டது.

ஹவுன்ஸ்லோவில் வீடு. விமானங்களுக்குப் போகும் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குகிற இடத்தில் வேலை. இடைவேளையில் அவள் ஒரு மூலையில் இருந்து முணுமுணுத்தபடி பின்னுவதைப் பார்த்த பஞ்சாபிப் பெண்கள், சூப்பவைசருக்குச் சூனியம் வைக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். தற்செயலாக அந்த சூப்பவைசருக்கு முழங்கால் வீங்கி லீவில் போகவேண்டி வந்தது. அன்றிலிருந்து பியற்றிஸுக்குத் தேநீர் வரிசையில் முதலிடம். அவள் யாருக்கும் விளக்கம் சொல்லப் போகவில்லை.

இந்தப் பின்னலில் ஒரே ஒரு சங்கடம். பத்தை எடுத்தால் பத்தை முடிக்க வேண்டும். செபத்தைப் பாதியில் விட அவளுக்கு மனம் வராது. ஆகவே அவள் பின்னும் தொப்பிகளில் இரண்டே அளவுதான் உண்டு. பத்து மந்திரத்தில் முடிந்தால் குழந்தைக்கு, இருபதில் முடிந்தால் பெரியவர்களுக்கு. கோயில் பங்கில் இடைப்பட்ட வயதுப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றில் உச்சந்தலையில் ஒட்டிக்கொண்ட தொப்பியோடு, அல்லது மூக்குவரை இறங்கிய தொப்பியோடு பூசைக்கு வந்தார்கள். புருசன் ஞானரட்ணம் ஒருமுறை நெஞ்சுச் சளியில் படுத்தபோது, பயத்தில் பதினைந்து தேவரகசியங்களையும் ஒரே மப்ளரில் சொல்லி முடித்தாள். சளி போய்விட்டது. மப்ளர் முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது.

இவ்வளவு செபம் சொல்கிறவளுக்கு ஒரே ஒரு ஆசை நிறைவேறாமல் கிடந்தது. ஒக்டோபர், செபமாலை மாதம். மாதா சுரூபம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தமிழ் வீட்டுக்குப் போகும். கடைசி நாள் எல்லாரும் ஒரே வீட்டில் கூடிப் பாட்டும் சாப்பாடுமாக நிறைவு செய்வார்கள். அந்தக் கடைசி நாள் பியற்றிஸின் வீட்டுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. முப்பது வருடமாக எல்லார் வீட்டு நிறைவுக்கும் றோல்ஸ் பொரித்துக் கொடுத்த கை அது. தன் வீட்டு முன்னறையில் மாதா இருந்து மாதத்தை முடிக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அதில் பக்தி பாதி, மற்றவர்கள் வந்து பார்க்க வேண்டும் என்பது பாதி. மாதாவுக்கும் அது தெரியாமல் இராது.

எந்த நாள் எந்த வீடு என்று தீர்மானிக்கிறவர் மேரிசாந்தி. பங்கின் தமிழ்ப் பெண்கள் சங்கத் தலைவி. சாமியாருக்கே பிரசங்கம் செய்யக்கூடியவர். அவருக்குப் பியற்றிஸில் கோபமில்லை, பியற்றிஸின் தெருவில்தான் கோபம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சாதாரண நாள் செபமாலை அங்கே நடந்தபோது, மூன்றாம் தேவரகசியத்தில், நிறுத்தக்கூடாத இடத்தில் நின்ற மேரிசாந்தியின் புதுக் காருக்கு அபராத டிக்கெற் விழுந்தது. கவுன்சிலுக்குப் போன் எடுத்தது பக்கத்து வீட்டு மோரீன் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை.

"உங்கடை றோட்டிலை மாதா நடந்து வந்தாலும் டிக்கெற் எழுதுவாங்கள்" என்றார் மேரிசாந்தி.

"இந்தமுறை ஒண்டும் நடக்காது அக்கா. நான் பாக்கிறன். கடைசி நாளைத் தாங்கோ."

"தாறன். ஆனா ஒரு டிக்கெற் விழுந்துதெண்டா, பிறகு உங்கடை வீட்டுப் பக்கம் சுரூபம் வராது. சொல்லிப்போட்டன்."

மோரீன் கெட்டவள் அல்ல. சன்னலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டவள், அவ்வளவுதான். புருசன் போய்ப் பல வருடம். பியற்றிஸ் ஒரு தட்டு றோல்ஸோடு போய்க் கதவைத் தட்டினாள். மோரீன் றோல்ஸைத் தொடவில்லை. ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து வந்து காட்டினாள். படத்தில் சின்ன மோரீன்; பக்கத்தில் காகிதக் கூழில் செய்த ஒரு பூசணிக்காய் முகம். உருண்டைக் கண், தூக்கிய புருவம், காதுவரை போன சிரிப்பு, அதில் இரண்டு பல். ஹலோவீனுக்கு அம்மா அதைச் சன்னலில் வைப்பாவாம். பரணில் ஈரம் பிடித்து உக்கிப் போயிற்றாம். தோட்டத்தில் இருந்து நீ பின்னுவதைப் பார்த்திருக்கிறேன், எனக்கு இதைப் பின்னித் தா என்றாள் மோரீன். தந்தால் அன்றைக்குப் போனைத் தொட மாட்டாள். தன் வீட்டு முற்றத்தில் நாலு கார் விடவும் சம்மதம். முப்பத்தோராம் திகதி இருட்டுவதற்கு முன் பூசணி சன்னலில் இருக்க வேண்டும்.

மாதாவை வீட்டுக்குக் கொண்டுவர ஹலோவீன் பூசணி பின்ன வேண்டியிருக்கிறது. பியற்றிஸ் யோசித்துப் பார்த்தாள். ஹலோவீன் பிசாசுக்குக் கதவு திறக்கிற பண்டிகை என்று மேரிசாந்தி ஒவ்வொரு ஒக்டோபரும் வாட்ஸப்பில் குரல் அனுப்புவார். ஆனால் பூசணிக்காய் பூசணிக்காய்தானே. போன கிழமைகூடத் தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தாள், ஒரு பிசாசும் வரவில்லை.

செம்மஞ்சள் நூலை எடுத்து முதல் வரிசையைத் தொடங்கியதும் உதடு அசைந்தது. ஐயோ, இதற்குமா என்று நிறுத்தினாள். ஒன்று, இரண்டு என்று இங்கிலிசில் எண்ணிப் பார்த்தாள். நூல் சிக்குப்பட்டது. வாயில் ஒரு புளிப்பு இனிப்பைப் போட்டு அடைத்துப் பார்த்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. கடைசியில், "மாதாவே, இது உமக்கு இடம் பிடிக்கத்தான்" என்று சொல்லிவிட்டுச் செபத்தோடேயே பின்னினாள்.

இன்ரர்நெற்றில் எடுத்த அளவுப்படி பூசணிக்கு எட்டுச் சுளை, சுளைக்கு ஆறு வரி. ஆறில் எப்படி நிறுத்துவது? பத்துக்குப் போனாள். பரலோக மந்திரம் வந்த இடத்தில் கடும்நிற நூலால் இறுக்கி ஒரு பள்ளம் வைத்தாள். ஐந்து பத்தும் முடிந்து, சுருட்டி, இரண்டு முனையும் இழுத்துக் கட்டி, பழைய தலையணைப் பஞ்சை அடைத்தபோது, ஐந்து பருமனான ஆட்கள் ஒரு சோபாவில் நெருக்கி இருந்ததுபோல ஒன்று வந்தது. செபமாலையின் தொடக்கத்தில் வரும் மூன்று மணியும் மிச்சம் இருந்தன. விசுவாசத்துக்கு ஒன்று, நம்பிக்கைக்கு ஒன்று, தேவசிநேகத்துக்கு ஒன்று. அவற்றை முகத்துக்கு வைத்தாள். வலக்கண், இடக்கண், பல்லோடு வாய்.

ஞானரட்ணம் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கடை பெரியப்பா மாதிரியெல்லே கிடக்கு."

"அவருக்குப் பல்லு ரெண்டுதானோ இருந்தது?"

"கடைசிக் காலத்திலை ரெண்டுதான்."

முப்பத்தோராம் திகதி பின்னேரம் பூசணியோடு போனால் மோரீன் வீட்டில் இல்லை. தங்கச்சியைப் பார்க்கப் போனவள் பஸ்ஸில் எங்கேயோ மாட்டிக்கொண்டாள். பியற்றிஸ் திரும்பி வருவதற்கும் முதல் கார் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. சுரூபம் சொன்ன நேரத்துக்கு முந்தி வேளைக்கே வந்துவிட்டது. அவள் மெழுகுதிரிக்கு ஓட, பூசணியை வாங்கிய ஞானரட்ணம் ஆண்களுக்கே உரிய புத்தியோடு அதைச் சோபாவில் குஷனுக்குப் பின்னால் செருகினார்.

அறை நிறைந்தது. மாதா வெள்ளை விரிப்பின்மேல் எழுந்தருளினார். மேரிசாந்தி சோபாவில் சாய்ந்தார், நெளிந்தார், முதுகுக்குப் பின்னால் கைவிட்டு இழுத்தார். இரண்டு பல் அவரைப் பார்த்துச் சிரித்தன.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"பியற்றிஸ், இது என்ன?"

"பூசணிக்காய் அக்கா."

"மாதா வந்திருக்கிற வீட்டிலை பேய்த்தலை. உடனை கொண்டுபோய்க் குப்பையிலை போடும்."

"ஏலாது அக்கா. அதுக்குள்ளை ஒரு முழுச் செபமாலை கிடக்கு."

உடைந்த செபமாலையையும் காய்ந்த குருத்தோலையையும் குப்பையில் போடுகிறவர்களைக் கோயில் வாசலில் வைத்தே கிழிக்கிறவர் மேரிசாந்தி. இதை மட்டும் எப்படிக் குப்பையில் போடச் சொல்வார்? தீர்ப்பை மாற்றினார்.

"அப்ப பூசணி இருக்கட்டும். மாதா வெளிக்கிடட்டும். என்ரை வீட்டிலை போய் முடிப்பம்."

பியற்றிஸ் பூசணியைப் பார்த்தாள். பொரித்த றோல்ஸ், கழுவிய திரைச்சீலை, முப்பது வருடம், எல்லாம் இந்தப் பல் இரண்டில் போகப் போகிறது. அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. வாயைத் திறக்கப் போனாள்.

"போறதெண்டாப் போகலாம்" என்றார் ஞானரட்ணம், சன்னல் பக்கமிருந்து. "ஆனா உங்கடை கார்தான் முதல் வந்தது. மோரீன்ரை முற்றத்திலை ஆக உள்ளுக்கு நிக்குது. பின்னாலை மூண்டு கார் மறிச்சு நிக்குது. அதுகளுக்குப் பின்னாலை றோட்டு முழுக்கக் கிடக்கு. எல்லாரும் எடுத்து முடிய விடிஞ்சிடும்."

மேரிசாந்தி சன்னலால் எட்டிப் பார்த்தார். பிறகு சோபாவில் திரும்ப இருந்தார், இருந்த விதத்தில் சோபா முனகியது.

"அதின்ரை மூஞ்சையை அங்காலை திருப்பி வையும்" என்று சொல்லிவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டார்.

பியற்றிஸ் பூசணியை மடியில் வைத்து, முகத்தைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். செபமாலை தொடங்கியது, கூடவே அழைப்பு மணியும் தொடங்கியது. ஹலோவீனுக்கு வேசம் போட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்டு வரும் தெருப் பிள்ளைகள். முதலில் வெள்ளைத் துணி போர்த்த பேய்கள் மூன்று. பிறகு ஒரு சூனியக்காரி, அவள் கையைப் பிடித்தபடி ஒரு வௌவால். ஞானரட்ணம் இனிப்பு வாங்கி வைக்கவில்லை, ஆகவே ஆளுக்கொரு மீன் றோல்ஸ் கொடுத்தார். சூனியக்காரி கடித்துப் பார்த்துவிட்டு இன்னொன்று கேட்டாள். ஒவ்வொரு மணிக்கும் மேரிசாந்தி கண்ணைத் திறந்து கதவை முறைத்தார், முறைக்கும்போது விரல் மணியிலிருந்து வழுக்கியது. நாலாம் தேவரகசியத்தில் அவர் சட்டென்று நின்றார்.

"இது எத்தினையாவது?"

ஒருவர் ஐந்து என்றார், ஒருவர் எட்டு என்றார். கையில் செபமாலை வைத்திருந்த எல்லாரும் மேரிசாந்தியை நம்பி அதைச் சும்மாதான் உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏழு" என்றாள் பியற்றிஸ்.

"எப்பிடித் தெரியும்?"

அவள் மடியைக் காட்டினாள். பெருவிரல் பூசணியின் நாலாவது சுளையில், ஏழாவது வரியில் நின்றது. பழக்கதோசத்தில் விரல் தொடக்கத்திலிருந்தே வரிவரியாக நடந்துகொண்டிருந்தது. மேரிசாந்தி கிட்ட வந்து குனிந்து பார்த்தார். சுளைகளைத் தொட்டு எண்ணினார். பள்ளத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். பூசணியை எடுத்துப் போய்த் தன் மடியில் வைத்து, ஏழாவது வரியில் விரலை ஊன்றி, எட்டாவது மந்திரத்தைத் தொடங்கினார்.

கடைசிப் பத்து நடக்கும்போது மோரீன் வந்தாள். மழைக் கோட்டோடு வாசலில் நின்று, தெருவை ஒருமுறையும் தன் பூசணியை ஒருமுறையும் பார்த்தாள். இருட்டிவிட்டது, இன்னும் தரவில்லையா என்று கேட்டபடி கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்தாள். பியற்றிஸ் பாதி எழும்பினாள். பூசணியைக் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம்.

மேரிசாந்தி செபத்தை நிறுத்தவில்லை. மோரீனைப் பார்த்துத் தாடையால் ஒரு கதிரையைக் காட்டினார். கவுன்சிலே வந்து நின்றாலும் கதிரையில் இருந்திருக்கும், அப்படி ஒரு தாடை. மோரீன் இருந்தாள். யாரோ அவள் கையில் றோல்ஸ் தட்டை வைத்தார்கள். எல்லாரும் செபம் சொல்ல, அவள் ஒருத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நிறைவுப் பாட்டு வந்தபோது பியற்றிஸுக்குப் பாட வரவில்லை. தன் விரிப்பு, தன் அறை, மாதா. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, அவள் அதைத் துடைக்கவில்லை; எல்லாரும் பார்க்கட்டும் என்று விட்டாள்.

அம்மாவின் பூசணிக்கு எட்டுச் சுளை இருந்தது, இது கொஞ்சம் குண்டு என்று குறை சொல்லிக்கொண்டே மோரீன் அதைச் சன்னலில் வைத்தாள். பின்னால் சின்ன விளக்கை ஏற்றியதும் கடும்நிறப் பள்ளங்கள் ஐந்தும் தெளிவாகத் தெரிந்தன. தெருவில் ஒரு கண்ணாடியிலும் டிக்கெற் இல்லை. மேரிசாந்தி காரில் ஏறப் போனவர், அந்தச் சன்னலுக்கு முன் நின்றார். கை பாதிச் சிலுவை போட்டது. மறுபாதியை நினைவு வந்து இழுத்துக்கொண்டார்.

"பியற்றிஸ், இஞ்சை வாரும். எனக்கும் அப்பிடி ஒண்டு பின்னித் தாரும். முழங்கால் நோகிற நேரம் மடியிலை வச்சுச் சொல்ல நல்லாயிருக்கும். பல்லு மட்டும் வேண்டாம்."

பியற்றிஸ் தலையை ஆட்டினாள்.

"பல்லை எடுக்க ஏலாது அக்கா. அதுதான் தேவசிநேகம்."