கறுப்புக் காரின் பின்விளக்கு

நம்புகிறவர்கள் நம்பலாம், சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நான் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. என் அக்காவிடமும் அவள் புருஷனிடமும் தனித்தனியாக உட்கார்ந்து கேட்டு, நேரத்தைக்கூடச் சரிபார்த்துத்தான் எழுதுகிறேன். நடந்தது அமாவாசை நடுராத்திரியில் இல்லை. சுடுகாட்டுப் பக்கத்திலும் இல்லை. மத்தியானம், வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில், ஷட்டர் போட்ட ஒரு பட்டறைக்குள் நடந்தது.

அத்தான் ஆட்டோ எலக்ட்ரீசியன். பழைய கார்களின் வயரிங் என்றால் ஊரே அவரைத்தான் கைகாட்டும். மனுஷன் பரம சாது. கரப்பான் பூச்சியைக்கூடக் காகிதத்தில் ஏந்தி வெளியே விடுகிற ஆள். அக்காதான் பட்டறையில் அவருக்குக் கூட்டு. ஹோல்டர் மாற்றுவாள், வயர் சீவுவாள், அவரையும் சந்தடிசாக்கில் சீவுவாள்.

அன்றைக்கு வந்தது ஒரு கறுப்பு நிறக் கார். வயது அறுபதுக்கு மேல். ஒரு பல் டாக்டர் எங்கோ ஏலத்தில் எடுத்திருந்தார். பின்விளக்கு இரண்டும் எரியவில்லை. இதற்கு முன் இரண்டு பட்டறைகளில் பார்த்துவிட்டார்களாம். பட்டறையில் எரிகிறதாம், வெளியே வந்து பத்து கிலோமீட்டர் போனால் அணைந்துவிடுகிறதாம்.

"எலியா இருக்கும் டாக்டர்," என்றார் அத்தான். "பல்லு விஷயம்தான். நீங்களே பாத்திருக்கலாம்."

டாக்டர் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மணி 2.10. வெளிச்சத்தில் விளக்கு எரிவது தெரியாது என்று அத்தான் ஷட்டரை இறக்கினார். உள்ளே கும்மிருட்டு. பக்கக் கதவின் இடுக்கில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம், அது நேரே காரின் டிக்கிமேல் விழுந்தது. பியூஸ் நன்றாக இருந்தது. டெஸ்ட் லேம்பை வைத்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போனார். பின்சீட்டு வரைக்கும் கரண்ட் வந்தது. அதற்கப்புறம் இல்லை.

டிக்கியைத் திறந்தார். மூடியை முட்டுக் கம்பியில் நிறுத்தினார். விளக்குக்குப் பின்னால் போகும் வயர் துண்டாகிக் கிடந்தது. எலி கடித்தால் நறநறவென்று பொடியாக இருக்கும். இது தட்டையாக, ஒரே கடியில் நசுங்கியிருந்தது. அத்தானுக்கு உறுத்தியது. ஆனால் வேலை செய்கிறவனுக்கு எல்லாவற்றுக்கும் காரணம் தேட நேரம் ஏது? இணைத்து, டேப் சுற்றி, சுவிட்சைப் போட்டார். இரண்டு விளக்கும் சிவப்பாக எரிந்தன.

மணி 2.25. பிளையரைப் பெட்டியில் போடத் திரும்பினார்.

கடக்.

விளக்குகள் அணைந்தன.

அவர் போட்ட டேப் அப்படியே இருந்தது. அதிலிருந்து நாலு விரல் தள்ளி, வயர் மறுபடி துண்டாகியிருந்தது. தொட்டுப் பார்த்தார். ஈரம்... கொழகொழவென்று, இளஞ்சூடான ஈரம்.

"பெரிய எலி போலிருக்கு," என்றார்.

இந்தத் தடவை உள்ளே ஆழத்தில், மூலையிலேயே புது வயர் கொடுக்க வேண்டும். அத்தானின் தோள் அங்கே நுழையாது.

"நகருங்க. நான் போறேன்," என்றாள் அக்கா. "உங்க தொப்பை உள்ள போறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும்."

"பாத்தும்மா. எலி இருக்கும்."

"இருபத்திநாலு மணி நேரமும் உங்களையே சமாளிக்கிறேன். எலி எனக்கு எம்மாத்திரம்?"

கால்களை மடக்கிக்கொண்டு உள்ளே படுத்தாள். மணி 2.40. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. விளக்குகள் எரிந்தன.

"எரியுதும்மா! வா, வா..."

மூடி விழுந்தது. முட்டுக் கம்பி விழவில்லை. அது நின்ற இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

அத்தான் முதலில் சிரித்தார். கைப்பிடியைத் திருகினார். சுற்றியது. மூடி அசையவில்லை. சாவியைப் போட்டார். அதுவும் சுற்றியது. அசையவில்லை.

"விளையாடாதம்மா."

உள்ளே மூச்சுச் சத்தம். ஒரு மூச்சு வேகமாக... இன்னொன்று அதைவிட வேகமாக.

இரண்டு பேர்.

கடக்.

விளக்குகள் அணைந்தன.

அத்தான் அடுத்த கணம் டயர் லிவரை எடுத்துவிட்டார். மூடியின் இடுக்கில் சொருகி நெம்பினார். தகரம் முனகியது. மூடி அரை அங்குலம் எழும்பியது. எழும்பியதும் உள்ளே இருந்து யாரோ படாரென்று இழுத்து மூடினார்கள்.

"பயப்படாதம்மா! நான் இருக்கேன்! பயப்படாத!"

அதைத்தான் கத்தினேன் என்கிறார். திரும்பத் திரும்ப அதையேதான்.

நெம்பினார். இழுத்தார்கள். நெம்பினார். இழுத்தார்கள். பயம் போய்க் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் தன் பிறவியிலேயே வந்ததில்லை என்கிறார். லிவரை ஓங்கி மூடியில் அடித்தார். பெயிண்ட் தெறித்தது. மறுபடி அடித்தார். இடது விளக்கின் சிவப்புக் கண்ணாடி நொறுங்கியது. உள்ளங்கை கிழிந்து லிவர் வழுக்கியது. சட்டையில் துடைத்துக்கொண்டு அடித்தார்.

மூடி ஒரு சாண் திறந்தது.

விளிம்பைப் பிடித்து இழுத்தபடி உள்ளே நாலு கைகள். இரண்டு அக்காவுடையவை. வளையல் தெரிந்தது.

மற்ற இரண்டில் நகங்களே இல்லை.

அந்தக் கையைத்தான் குறிவைத்தார்.

அடித்தார். எலும்பு நொறுங்கும் சத்தம்.

அலறியது அக்கா.

மூடி திறந்துகொண்டது.

உள்ளே அவள் மட்டும்... சுருண்டு, வாயைத் தானே பொத்திக்கொண்டு, அவரையே பார்த்தபடி.

அவர் கை இன்னும் மேலே இருந்தது. இறக்கிவிட நினைத்தார்.

இறங்கியது.

தோளில்.

மறுபடி உயர்ந்தது.

அப்போதுதான் பக்கக் கதவை உடைத்துக்கொண்டு பக்கத்துப் பட்டறை வெல்டர் உள்ளே வந்தார். அத்தானைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தரையில் சாய்த்தார். ஆறடி ஆள், இரும்பு தூக்கியே வளர்ந்த உடம்பு. அவருக்கே மூச்சு வாங்கிவிட்டதாம். மணி 3.05. எல்லாம் மூன்று நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டதாக அத்தான் இன்றைக்கும் நம்புகிறார்.

அக்காவுக்குத் தோள்பட்டையில் காறை எலும்பு முறிவு. வலது கையில் மூன்று விரல் நொறுங்கிவிட்டது. போலீஸ் கேட்டதற்கு, மூடி விழுந்து அடிபட்டது என்றாள். அத்தான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அவரை வெறுக்கவும் முடியவில்லை, பக்கத்தில் விடவும் மனசில்லை.

பல் டாக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வழியில் பட்டறைக்கும் போயிருக்கிறார். பொறுக்கி வந்திருந்த வயர்த் துண்டுகளை என்னிடம் நீட்டினார்.

"எலி இல்ல. மனுஷப் பல்லு. பொம்பளையோடதா இருக்கும், தாடை சின்னது," என்றார். அந்தக் காரை அவர் திரும்ப எடுக்கவே இல்லை.

மூன்றாம் நாள்தான் அக்கா என்னிடம் உண்மையைச் சொன்னாள்.

"உள்ள ஒருத்தி இருந்தாடா. என்னை ஒண்ணும் பண்ணல. என் வாயைப் பொத்தி, காதுக்குள்ள சொன்னா... வெளிய நிக்கிறவன்கிட்ட சிக்கிடாத, இறுக்கிப் பிடி, விட்டா செத்தோம்னு. அதான் நானும் மூடியைப் பிடிச்சு இழுத்தேன்."

"பைத்தியமாக்கா? வெளிய நின்னது அத்தான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பயப்படாதம்மான்னு அவர் கத்தினது கேக்கலியா?"

அக்கா என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் வெல்டர் என்னைப் பிடித்து உட்கார வைத்தார். பீடியைப் பற்றவைக்க மூன்று தீக்குச்சி ஆயிற்று அவருக்கு.

"தம்பி, போலீஸ்ல நான் சொல்லல. உன்கிட்ட சொல்லலேன்னா எனக்குத் தூக்கம் வராது. நடுவுல ஒரு சுவர்தானே? நான் எல்லாத்தையும் கேட்டேன். முதல்ல யாரோ போன்ல படம் பாக்குறாங்கன்னு நெனச்சேன். ஏன்னா உங்க அத்தான் அப்படிப் பேசுற ஆளே இல்ல."

"என்ன பேசினாரு?"

"'வெளிய வாடி. வயரைக் கடிச்சு லைட்டை அணைச்சா, எவனாவது வண்டியை நிறுத்தி உன்னைக் காப்பாத்துவான்னு நெனச்சியா? இந்த ரோட்டுல யாரும் வரமாட்டான். திற. இன்னிக்கு உன்னை முடிச்சிட்டுத்தான் போவேன்.' இதையே, தம்பி. இருபது நிமிஷம். உங்க அக்கா அலறினதும்தான் கதவை உடைச்சேன்."

"வேற யாரோட குரலாவது இருக்கும்..."

வெல்டர் தலையை ஆட்டினார்.

"பதினோரு வருஷமா பக்கத்துலயே இருக்கேன். அது அவர் குரல்தான்."

அத்தானிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. பதினாறாம் நாள் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். வலது கையில் கட்டு என்பதால் மூன்று வேளையும் அத்தான்தான் அவளுக்கு ஊட்டிவிடுகிறார். தட்டைக் கழுவுவதும் அவர்தான், மாத்திரை எடுத்துத் தருவதும் அவர்தான். சாப்பாட்டை ஊதி ஆற வைத்து, "வாங்கிக்கம்மா" என்று அவர் கையை நீட்டும்போது அக்கா வாயைத் திறந்து வாங்கிக்கொள்கிறாள். கையை அவர் மறுபடி கீழே இறக்கும்வரை அவள் மூச்சு விடுவதில்லை.