எடை வரிசையில் தொடங்கிய பாடம்

சேரங்கோட்டில் கடை, பந்தலூரில் மாடிக் கட்டடம், ஓடி ஓய்ந்த ஜீப் இரண்டு, ஓடுகிற ஜீப் ஒன்று, மூன்று பிள்ளைகளுக்குக் கல்யாணம், ஒரு தங்கைக்கு நர்ஸ் படிப்பு. இத்தனையும் ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒருவன் டீ கெட்டிலைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி இறங்கிச் செய்தது. யாரும் கைதூக்கி விடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வைத்தால் பக்கம் பத்தவில்லை என்று வெட்டிவிடுவார்கள்.

தங்கை காலமாகி இன்றோடு ஒரு வருடம். என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் போயிருந்து, அவர் எழுதியிருக்க வேண்டிய கட்டுரை இது. பயிற்சி மையம் போடும் நினைவு மலர் என்பதால் ‘அவர்’ என்றே எழுதுகிறேன். அவருக்கு அது தகும்.

சிலோனிலிருந்து திரும்பி வந்த எங்கள் அப்பா அம்மாவுக்குச் சேரங்கோடு தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவர் தங்கை. அவர் நடக்கப் பழகும் முன்பே அப்பா நெஞ்சுவலியில் போனார். டாக்டரைக் கூட்டிவர ஆள் போய், அந்த ஆள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதோடு நான் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டேன். அம்மா கொழுந்து எடுக்கப் போனார். கொழுந்தை எடை போடும் கொட்டகையை எங்கள் ஆட்கள் மடுவம் என்பார்கள். அந்த மடுவத்தில் நான் டீயும் வர்க்கியும் விற்றேன். அப்படி விற்றுத்தான் தங்கையைக் கோயம்புத்தூரில் நர்ஸ் படிக்க வைத்தேன்.

படித்து, குன்னூரில் நல்ல ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர், சில வருடங்களில் பெட்டியோடு கடை வாசலில் வந்து நின்றார்.

“ஏம்மா, நான் உன்னை லைனை விட்டு அனுப்புனது திரும்பி வர்றதுக்கா?” என்று கேட்டேன்.

“அப்பாவுக்கு ஆள் வந்து சேரலையே அண்ணே. நான் ஆளைத் தயார் பண்ணப் போறேன்” என்றார்.

அப்படியே செய்தார். இன்னும் சிலரைச் சேர்த்துக்கொண்டு பயிற்சி மையம் தொடங்கினார். முதல் வகுப்பு நடந்தது என் கடை மாடியில். பழங்குடி ஊர்ப் பெண்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்கவும், கர்ப்பிணிகளைக் கவனிக்கவும் கற்றுக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு வராத ஜனங்களுக்கு வைத்தியம் பார்ப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள, சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் இளம் டாக்டர்கள் வந்து மாதக்கணக்கில் தங்கினார்கள்.

முதல் கூட்டமாக வந்த டாக்டர்கள் காலை பத்து மணிக்குத் தோட்டத்து மன்றத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். மூன்று நாளில் வந்தது இரண்டு கிழவர்கள். “மக்களுக்கு உடம்பைப் பற்றி அக்கறை இல்லை” என்று ஒரு டாக்டர் நோட்டில் எழுதிவிட்டாராம். தங்கை கடைக்கு வந்து டீயைக்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

நான் சொன்னேன்: “பத்து மணிக்குக் கொழுந்தை விட்டுட்டு எவம்மா வருவா? அரை நாள் கூலி போயிருமே. மடுவத்துக்குப் போ. எடைக்கு வரிசையில நிக்கிற நேரந்தான் அவங்க சும்மா நிக்கிற நேரம்.”

“எடை போடுறவரு விடுவாரா அண்ணே?”

“என் டீயைக் குடிச்சுக் குடிச்சே பல்லு விழுந்த மனுசன். நான் சொன்னா விடுவாரு.”

விட்டார். மறுநாள் டாக்டர்கள் வரிசையோடு நின்றார்கள். டாக்டர்கள் கொண்டுவந்த ஆள் எடை மெஷினில் முதலில் ஏறிய அக்கா, “ஏனுங்க டாக்டரு, ஈரத்துக்கும் கூடைக்கும் கழிச்சுட்டுப் போடுங்க” என்றதும் மடுவமே சிரித்தது. கொழுந்து எடையில் தினமும் கழிக்கப்படுகிறவர்கள் அவர்கள். அன்று மட்டும் ஏழு பேருக்கு ரத்த அழுத்தம் ஏறிக் கிடந்தது தெரிந்தது. அதில் ஒருத்தி நிறைமாதக் கர்ப்பிணி. என் ஜீப்பில்தான் கூடலூர் கொண்டுபோனேன். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள்.

அதன் பிறகு யார் பயிற்சிக்கு வந்தாலும், முதல் நாள் கருவி எதையும் தொடாமல் எடை வரிசையில் நின்று பேச்சைக் கேட்க வேண்டும் என்று தங்கை சட்டம் போட்டார். அதுவே அவர் எழுதிய பயிற்சிப் புத்தகத்தின் முதல் பாடம் ஆனது. ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிய ஒரு டாக்டர், தண்ணீர் பிடிக்கப் பெண்கள் நிற்கும் குழாயடியில் மருந்துப் பெட்டியோடு நிற்பதாகக் கடிதம் போட்டிருந்தார். தங்கை அதை எனக்குப் படித்துக் காட்டினார். புத்தகத்தை மட்டும் படித்துக் காட்டவில்லை.

ஊரார் உடம்பைப் பார்த்தவர் தன் உடம்பைப் பார்க்கவில்லை. சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்துக்கு இரண்டு முறை ஊட்டிக்கு டயாலிசிஸ். போய் வர ஒரு பகல் முழுக்க ஆகும். வேறு யாரையும் ஓட்டவிடாமல் நானே ஓட்டினேன். இப்போதும் செவ்வாய்க்கிழமை விடிந்தால் கை சாவியைத் தேடுகிறது. எடுத்துக்கொண்டு எங்கே போவது?

கடைசி மாதத்தில் ஒரு நாள் நடுவட்டம் பக்கம் பனி மூடியதால் ஜீப்பை ஓரங்கட்டினேன். பின்சீட்டில் துணைக்கு வந்த பயிற்சி நர்ஸ் பெண் இருந்தாள்.

“அண்ணே, மடுவத்துப் பாடம் நீ சொன்னது. புத்தகத்துல உன் பேரைப் போடலை.”

“தெரியும். பையன் படிச்சுச் சொன்னான். மறந்துட்டியா?”

“இல்லண்ணே. பெரிய டாக்டருங்க படிக்கிற புத்தகம். டீக்கடைக்காரர் சொன்னாருன்னு எழுத அப்ப வெக்கமா இருந்துச்சு. அடுத்த அச்சுல போட்டுடறேன்.”

நான் வண்டியைக் கிளப்பினேன். அடுத்த அச்சு வரும்வரை அவர் இருக்கவில்லை.

கடைசிவரை உடனிருந்த அந்த நர்ஸ் பெண்ணுக்கும், ஊட்டி டயாலிசிஸ் பிரிவினருக்கும், வேலையை நிறுத்திவிட்டு மடுவத்திலிருந்து நேராக மயானத்துக்கு வந்த தோட்டத்துச் சனங்களுக்கும், காட்டு வழியே நடந்து வந்த பழங்குடி ஊர்ப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பயிற்சி மையத்தாருக்கு ஒன்று. புத்தகம் மறுபடி அச்சுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டேன். அவள் சொன்னதற்கு அந்த நர்ஸ் பெண் சாட்சி. பெருமைக்குத்தான் கேட்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் அவள் முடிக்காமல் விட்ட வேலையும் இது ஒன்றுதான். முதல் பாடத்தின் அடியில், ‘இதைச் சொன்னவர் ஆசிரியையின் அண்ணன், சேரங்கோடு டீக்கடைக்காரர், ஐந்தாம் வகுப்பு’ என்று என் பெயரோடு போடுங்கள். இடம் பத்தாவிட்டால் பெயரைச் சுருக்கிக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்பை எடுத்துவிடாதீர்கள்.