பலூன் துப்பாக்கியும் விதை மல்லாட்டையும்

வடக்கனந்தல் சக்கரவர்த்திக்குப் பெயரில் மட்டும்தான் ராஜ்ஜியம். மற்றபடி கரும்பு வெட்டும் காலத்தில் கரும்பு வெட்டுவார். திருவிழாக் காலம் வந்தால் பலூன் சுடும் கடை போடுவார். ஒரு பலகை, அதில் வரிசையாகப் பலூன்கள், ஒரு பழைய ஏர்கன், அவ்வளவுதான் கடை. அந்தத் துப்பாக்கியின் குழல் நுனியில் குறி பார்க்கிற சின்ன முள்ளை அவரே கல்லால் தட்டிக் கொஞ்சம் சாய்த்து வைத்திருந்தார். நேராகப் பார்த்துச் சுட்டால் ரவை வலப்பக்கம் ஓடிவிடும். இளவட்டங்கள் சுட்டுச் சுட்டு முகம் தொங்கிப் போவார்கள். இவர் துப்பாக்கியை வாங்கி, பலூனுக்கு இடப்பக்கமாகப் பார்த்து, டப்பென்று உடைத்துக் காட்டுவார். எலவனாசூர்கோட்டை வரைக்கும் அவருக்குச் சூரர் என்று பெயர். நாளாக ஆக அவரே அதை நம்பிவிட்டார்.

இந்த வருஷம் அவர் மனைவி பாவாயி, அரங்கநாதன் என்பவரின் நிலத்தில் கொஞ்சத்தை, விளைச்சலில் பங்கு தருவதாக வாரத்துக்குப் பேசியிருந்தாள். ஊரார் வயலிலேயே களை பிடுங்கிய கைக்கு முதல்முறையாகச் சொந்தப் பயிர். “விதை வச்சிருந்தா நிலம் உனக்கு. இல்லன்னா வேற ஆளப் பாக்கறேன்” என்று அரங்கநாதன் கறாராகச் சொல்லியிருந்தார். விதை மல்லாட்டையை, ஓடு உடைக்காத நிலக்கடலையை, மூட்டை கட்டி, தோட்டத்துக் கொட்டகையில் தொங்கவிட்டு, மழைக்குக் காத்திருந்தாள் பாவாயி. எலிகளுக்கு அந்தப் பொறுமை இல்லை. கயிற்றில் இறங்கி, மூட்டையில் ஓட்டை போட்டு, கடலைத் தோலை மட்டும் தரையில் விட்டுப் போயின. மருந்து வைத்தால் கோழி தின்று சாகும். பூனை வளர்த்தால் கோழிக்குஞ்சு மிஞ்சாது. பாவாயிக்குச் சோறு இறங்கவில்லை.

“துப்பாக்கி எதுக்குக் கீது? அத்தினி எலியயும் சுட்டுத் தள்ளறேன் பாரு” என்று முழங்கினார் சக்கரவர்த்தி.

பாவாயி பதறி வாயில் விரல் வைத்தாள். “கத்தாதய்யா! அதுங்க காதுல வுழுந்தா உஷாராயிடும்.”

பலூன் பெரிசு, எலி சின்னது. கோணல் துப்பாக்கி இதற்கு உதவாது என்று யோசித்து, முள்ளைத் தட்டி நேராக்கினார். பொழுது சாயும் நேரத்தில் கொட்டகை எதிரே குந்திக்கொண்டார். பக்கத்து வீட்டுக் கமலா வேலிக்கு அந்தப்புறம் வேடிக்கைக்கு நின்றாள். விறகுக் குவியலிலிருந்து கொழுத்த எலி ஒன்று வந்து, சாவகாசமாக மீசையைத் துடைத்தது. சக்கரவர்த்தி மூச்சை அடக்கிச் சுட்டார். எலிக்கு இடப்பக்கம் இருந்த பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் பீறிட்டது.

“இன்னாண்ணா, கொடத்து மேல இன்னா கோவம்?” என்றாள் கமலா.

எலி நகரக்கூட இல்லை. மறுபடி சுட்டார். மறுபடியும் குடம்தான். துப்பாக்கி நேராகிவிட்டது, இத்தனை வருஷம் தள்ளிப் பார்த்தே பழகிய கண் நேராகவில்லை. நேராகப் பார்க்கணும் என்று அவர் எவ்வளவு நினைத்தாலும், விசை இழுக்கிற நேரத்தில் கை தானாக இடப்பக்கம் போயிற்று.

“துப்பாக்கிய நிமித்திட்ட. உன்ன யாரு நிமித்தறது?” என்று பாவாயி துப்பாக்கியைப் பிடுங்கினாள். அதுவரை அவள் அதைத் துடைத்து வைத்ததோடு சரி. ஒரு கண்ணை மூடி, முள்ளுக்கு நேராக எலியைப் பார்த்து, விசையை இழுத்தாள். எலி அங்கேயே சுருண்டது.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் பாவாயி சுட்டாள். அவர் செத்த எலியைத் தூக்கிப்போட்டார். மழை வந்தபோது நிலத்துக்குப் போதுமான விதை மிச்சமிருந்தது. கடைசிச் சாலில் விதை போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து பாவாயி அழுதாள். சந்தோஷத்தில்தான்.

திருவிழா வந்தது. முள்ளைச் சாய்க்க அவர் கல்லை எடுத்தார். “அப்பிடியே இருக்கட்டும். காய் புடிக்கிறப்ப எலி மறுபடியும் வரும்” என்றாள் பாவாயி. கல் கீழே போயிற்று.

அந்த வருஷம் கடையில் எல்லாரும் பலூனை உடைத்தார்கள். கூட்டம் தாங்கவில்லை. பாவாயிக்கு ஊதி ஊதிக் கன்னம் வலித்தது.

“அண்ணே, நீங்க ஒருதபா சுட்டுக் காட்டுங்க” என்றான் பழைய வாடிக்கைக்காரன் ஒருவன்.

சக்கரவர்த்தி துப்பாக்கியை வாங்கினார். பிறகு அதைப் பாவாயி பக்கம் நீட்டினார்.

“எனக்கு வராதுப்பா. சுடறது அவங்கதான். அவங்களக் கேளு.”

கல்யாணமான நாளிலிருந்து பாவாயியை அவர் ‘அவங்க’ என்று சொன்னதில்லை. அவள் காதில் விழாதது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊதினாள், ஊதினாள், கையிலிருந்த பலூன் வெடிக்கிற வரைக்கும் ஊதினாள்.